நான் மொழிபெயர்க்காத கோல்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். என் கைக்கடிகாரத்தில் இரண்டு பத்து. விடுமுறையில் வந்து ஐந்து நாள் ஆகியும் கடிகாரத்தை நான் ஷார்ஜா நேரத்திலிருந்து மாற்றியிருக்கவில்லை. எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். ஆவடியில் எங்கள் குடியிருப்பு வீட்டுக் கூடத்தில், தரையில் உட்கார்ந்து, மகளின் அலமாரியில் கிடைத்த ஒரு கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டேன். மேலே ஒட்டியிருந்த தாளில் என் கையெழுத்து: ‘வாணிக்கு, அப்பா.’ பொத்தானை அழுத்தினேன். “அன்புள்ள வாணி, அப்பா பேசறேன், இங்க இப்போ…” என்று என் குரல் தொடங்கியது. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். அதன்பின் வந்தது வேறொரு ஆணின் குரல்.

“இன்னாம்மா வாணி, செவப்பு லைட்டு எரியுதா? சரி, ஆரமிக்கிறேன். வணக்கம் நேயர்களே! நம்ம வாணி பந்தை எடுத்துகினு லெஃப்ட்ல வர்றா. எதுர்ல ரெண்டு பேரு கீறாங்கோ. ஒருத்தியத் தாண்டிட்டா. இன்னொருத்தி… ஐயோ, பந்தை வுடு கண்ணு! கட்டிப் புடிச்சிகினு நிக்கிறியே, அது இன்னா உங்க ஊட்டுப் பூனையா?”

அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, நடுவில் விக்கல் எடுத்துச் சிரிக்கும் சிரிப்பு. அது யார் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில நொடிகள் ஆயின. என் மகள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. “போ நைனா!” என்றாள் அவள், அந்தக் கேசட்டில், அந்த மனிதரிடம்.

வளைகுடாவில் இருக்கும் என் சகோதரர்களுக்குக் கேசட் விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடிதத்தில் எழுத வராததை நாங்கள் கேசட்டில் பேசி அனுப்புகிறோம். ஒரு பக்கம் நாங்கள் பேசுவோம். மறு பக்கத்தில் வீட்டார் பேசி, ஊருக்கு வந்து திரும்பும் யாராவது ஒருவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கேசட்டை நான் ஒரு வெள்ளிக்கிழமை, அறையில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நாற்பது நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். என்ன பேசினேன் என்பது முழுவதும் நினைவில்லை. பேசும்போது ஒரு இடத்தில் குரல் உடைந்தது, அதை அழிக்காமல் விட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நாற்பது நிமிடத்தின் மேல்தான் பக்கத்து பிளாக் ஏழுமலை ஆட்ட வர்ணனை செய்திருந்தார்.

என் மனைவி சரோஜா ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலையில் தையல்காரி. குடியிருப்பு அவள் பெயரில். அன்று ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள், விருந்தாளிக்குக் கொடுக்கும் பூப்போட்ட டம்ளரில். ஐந்து நாளாக எனக்கு அந்த டம்ளர்தான். டேப்ரிக்கார்டரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“அது பழைய கேசட்டுங்க. நூறு தடவை கேட்டுட்டா. அப்புறம்தான் மேல பதிஞ்சா.”

“நூறு தடவை கேட்டா அழிச்சிடறதா?”

“வேற கேசட்டு வீட்ல இல்ல.” டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்க அனுப்பிச்ச குரல் மேல அவங்க இங்க பேசினது இருக்கு. கோவிச்சு என்னங்க ஆகப்போவுது?”

ஏழுமலை டாங்கித் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். பிறந்தது வட சென்னையில். இளம் வயதில் தொழிற்சாலை அணிக்காகக் கால்பந்து ஆடியவர். இப்போது குடியிருப்பில் இருக்கும் பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மாலையில் பயிற்சி கொடுக்கிறார். இதைப் பற்றி வாணி முன்பே எழுதியிருந்தாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கால்பந்து எதற்கு என்று நானும் பதில் எழுதினேன். பதிலுக்கு வந்த கடிதத்தில் அவள் படிப்பைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள் என்பதுதான் உண்மை.

அன்று மாலை மைதானத்துக்குப் போனேன். ஏழுமலை என்னைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓடி வந்தார். “வா சார், வா! பொண்ணு ஆட்டத்தைப் பாத்தியா? எனுக்கு மூணு தடியனுங்க கீறானுங்க சார், ஒருத்தனுக்கும் பந்தத் தொட வரல. உன் பொண்ணு காலப் பாரு. இந்த வருசம் அதுக்கு அஞ்சாம் நெம்பர் ஷூவு. போன வருசம் நாலு.”

என் மகளின் கால் அளவு எனக்குத் தெரியாது. வரும்போது ஷார்ஜாவிலிருந்து நான் வாங்கி வந்த வெள்ளைக் காலணி அவளுக்குச் சேரவில்லை. “பரவால்லப்பா, அழகா இருக்கு” என்று சொல்லி அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டாள். கிளம்பும்போது ஏழுமலை ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மாவட்ட அளவில் நடக்கும் ஏதோ கால்பந்துத் தேர்வுக்கான படிவம். தந்தை அல்லது பாதுகாவலர் என்று போட்ட இடத்தில் ‘மு. ஏழுமலை’ என்று கோணல்மாணலாகக் கையெழுத்து. “நீ ஊர்ல இல்ல, தங்கச்சி டூட்டி, அதான் நான் போட்டேன் சார். தப்பா நென்ச்சிக்காத.” தப்பாக நினைக்கவில்லை என்றேன்.

நான் இந்த முறை வந்ததே குடும்பத்தை அழைத்துப் போகத்தான். ஒன்பது வருடம் உதிரிப் பாகக் கிடங்கில் வேலை பார்த்த பிறகு, குடும்ப விசா எடுக்கும் தகுதி வந்திருந்தது. சரோஜா சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள், ஆனால் ஒரு நிபந்தனை: “வாணி மனசோட வந்தா நானும் வரேன். அவளை இழுத்துக்கிட்டு வரமாட்டேன். நீங்களே கேளுங்க.” கேட்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். அதுவும் அந்த மனிதரை விட்டு வரமாட்டேன் என்ற காரணத்துக்காகச் சொன்னால், திரும்பிப் போய் அந்தக் கிடங்கில் நான் எப்படி நிற்பேன்?

அந்த வாரம்தான் இத்தாலியில் உலகக்கோப்பைக் கால்பந்து தொடங்கியது. அமீரகம் முதல்முறையாக அதில் ஆடத் தகுதி பெற்றிருந்தது. ஆவடியில் எல்லோரும் என்னைப் பார்த்து “உன் டீமு ஜெயிக்குமா சார்?” என்று கேட்டார்கள். என் டீம்! ஊருக்குக் கிளம்பும் முன், எங்கள் நிறுவனத்தின் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் உள்ளூர்க்காரர் ராஷித், கிடங்கில் எல்லோரிடமும் தங்கள் அணியின் வாய்ப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். எகிப்துக்காரரிடம் கேட்டார், சூடானியிடம் கேட்டார், என்னைத் தாண்டிப் போனார். நானாக “நன்றாக ஆடுவோம்” என்றேன். ராஷித் திரும்பி என் தோளைத் தட்டி, “நீ ஹிந்தி. உனக்குக் கிரிக்கெட்தான் தெரியும்” என்று சிரித்துவிட்டுப் போனார். அரபியில் இந்தியனுக்கு ‘ஹிந்தி’ என்று பெயர். அங்கே ‘ஆடுவோம்’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இங்கே ‘அவர்கள்’ என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

என் உண்மையான கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்த அணி மூன்று ஆட்டத்திலும் தோற்கும் என்றுதான் ஷார்ஜாவில் இருந்தபோது நினைத்தேன். சின்ன நாடு. ஆட்டக்காரர்களில் பலருக்கும் வேறு வேலை உண்டு என்று பேசிக்கொண்டார்கள். பகலில் அலுவலகம், மாலையில் பந்து. பயிற்சியாளர் என்னைப் போலவே விசாவில் வந்த வெளிநாட்டுக்காரர். எதிரே கொலம்பியா, மேற்கு ஜெர்மனி, யுகோஸ்லாவியா. மூன்றும் கால்பந்திலேயே பிறந்து வளர்ந்த தேசங்கள். ஓட்டம் இருக்கிறது, தைரியம் இருக்கிறது. ஆனால் பெரிய ஆட்டத்தில் கடைசிக் கால் மணி நேரத்தைத் தாங்கும் பழக்கம் இல்லை. இதுதான் என் நேர்மையான கணக்கு.

புதன்கிழமை மைதானத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஏழுமலை அதே கணக்கைத் தன் வாயால் சொன்னார். அவர் அந்த நாட்டை வரைபடத்தில்கூடப் பார்த்தவரில்லை.

“மொத மேட்ச் கொலம்பியாவாண்ட. அவன் பந்தக் குடுக்கவே மாட்டான் சார். பொட்டு பொட்டுன்னு அவனுக்குள்ளயே தட்டிகினு இருப்பான். தொரத்தித் தொரத்தியே உன் ஆளுக்கு நாக்கு தள்ளிடும். மொத பாதி நிப்பாங்கோ. அதுக்கப்புறம் ஒண்ணு. கட்சீல மூச்சு வாங்கறப்ப இன்னொண்ணு. ரெண்டு கோலு சார், எழுதி வெச்சிக்கோ.”

வாணி பக்கத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். என்னிடம் பேசும்போது ‘வாங்கப்பா, சாப்பிடுங்கப்பா’ என்று புத்தகம் போலப் பேசும் பெண், அவரிடம் “கரெக்ட்டு நைனா, மாத்தி எறக்க பெஞ்சுல ஆளு வாணாமா?” என்கிறாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் நான் குறுக்கே பேசினேன்.

“அதெல்லாம் இல்ல. டிரா ஆகும். நான் அங்க ஒன்பது வருஷமா இருக்கேன். அந்தப் பசங்களை எனக்குத் தெரியும்.”

“அப்பிடியா சார்?” என்றார் ஏழுமலை, நிஜமான மரியாதையோடு. அந்த மரியாதை இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் வாணியின் பக்கம் திரும்பினேன். “ரெண்டு கோல் வித்தியாசத்துல தோத்தா நீ இங்கேயே இரு. அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அதுக்குக் குறைஞ்சா நீயும் அம்மாவும் என்னோட ஷார்ஜாவுக்கு வரணும். சரியா?”

நாடாவைப் பிடித்திருந்த கை நின்றது. அவள் ஏழுமலையைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றார். “சார், வாணாம் சார். புள்ளய வெச்சி பந்தயம் கட்டாத.”

“இது எங்க வீட்டு விஷயம்” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வாணி, “சரிப்பா” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஆட்டம். நான் கொண்டுவந்திருந்த கலர் டிவியைக் கூடத்தின் நடுவில் வைத்து, அக்கம்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்திருந்தேன். ஏழுமலையையும் அழைத்தேன். அவர் வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளை. எட்டு பத்துக்கு மின்சாரம் போயிற்று. எல்லோரும் “ஹூம்” என்று எழுந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்போதுதான் பேட்டரியில் ஓடும் சிற்றலை ரேடியோ நினைவுக்கு வந்தது. திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே வளைகுடா நிலையம் ஒன்றைப் பிடித்தேன். அரபு மொழியில் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னா சார் சொல்றான்?” என்றார் ஏழுமலை.

அந்த ஒரு கேள்வியில் வீடு என் கைக்கு வந்தது. என் அரபு கிடங்கு அரபு. எண்கள், பொருள்களின் பெயர்கள், திட்டு, சமாதானம், இவ்வளவுதான். ஆனால் பந்து எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, வலது, இடது, மூலை, தடுத்தார் என்பதெல்லாம் புரிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லா முகங்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாணி ரேடியோவுக்கு மிக அருகில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, என்னையே பார்த்தாள். “இப்ப யாரு கிட்டப்பா? நம்ம கோல்கீப்பர் பிடிச்சிட்டாரா?” ‘நம்ம’ கோல்கீப்பர் என்றாள். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் நான் தேவைப்பட்டது அந்த முதல் பாதியில்தான். இடைவேளையில் கோல் எதுவும் விழுந்திருக்கவில்லை. “பரவால்ல சார், உன் ஆளுங்க கெட்டியா நிக்கிறானுங்கோ” என்றார் ஏழுமலை. சரோஜா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் கொலம்பியா ஒரு கோல் போட்டது. அதை அப்படியே சொன்னேன். ஒன்றுதானே, போகட்டும் என்றிருந்தேன். அதன்பின் கடிகாரத்தைப் பார்த்தபடி மொழிபெயர்த்தேன். அறுபது, எழுபது, எண்பது. எண்பத்தைந்தாவது நிமிடம். வர்ணனையாளரின் குரல் திடீரென்று தாழ்ந்தது. பின்னால் மக்கள் கூட்டம் இரைந்தது. அவர் நீளமாக மூச்சை விட்டு, இரண்டாவது கோல் என்றார். ‘இரண்டாவது’ என்பதற்கான அரபுச் சொல்லை நான் தினமும் பெட்டிகளை எண்ணும்போது சொல்கிறேன். அது எனக்குப் புரியவில்லை என்று யாரிடமும், என்னிடமேகூட, சொல்லிக்கொள்ள முடியாது.

“கம்பத்துல பட்டு வெளிய போயிடுச்சு” என்றேன், சிரித்தபடி.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஏழுமலை ரேடியோவின் பக்கம் குனிந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கம்பத்துலயா சார்?”

“ஆமா.”

“சரி சார்.”

ஆட்டம் முடிந்ததும், வர்ணனையாளர் எண்ணிக்கையைத் திரும்பச் சொல்வதற்குள் ரேடியோவை அணைத்தேன். பேட்டரி போய்விடும் என்றேன். “ஒண்ணுக்கு ஜீரோ. நல்லாத்தான் ஆடினாங்க.” வாணி மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழிந்த மெழுகை விரலால் சுரண்டினாள். “சரிப்பா, ஷார்ஜாவுக்கு வரேன்” என்றாள். ஏழுமலை வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “ஒரு கோலுன்னா மானம் தப்பிச்சுது சார். உன் டீமு ஜெயிச்ச மாதிரிதான்.” அவர் படியிறங்கும்போது மின்சாரம் வந்தது. குடியிருப்பு முழுக்க ஒரே நேரத்தில் ‘ஹோ’ என்று கத்தினார்கள். நான் ஜெயித்திருந்தேன்.

மறுநாள் செய்தித்தாளில் எண்ணிக்கை வரும். படுத்த பிறகுதான் இது உறைத்தது. ஐந்தரை மணிக்கு எழுந்து ஆவடி ஸ்டேஷன் அருகே ஏழுமலை வழக்கமாகப் பேப்பர் வாங்கும் கடைக்கு நடந்தேன். விளையாட்டுப் பக்கத்தை அங்கேயே புரட்டினேன். சின்னதாக, ஆனால் தெளிவாக, இரண்டுக்குப் பூஜ்யம் என்று போட்டிருந்தது. கடையில் இருந்த ஆறு பிரதிகளையும் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சார், ஊட்ல பரோட்டாக் கடை போட்டுக்கிறியா?” பி.எஸ்ஸி. படித்தவன், நாற்பத்தாறு வயதுக்காரன், ஆறு செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழியில் ஒரு சாக்கடையில் அவற்றை அமுக்கிவிட்டு வீடு திரும்பினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வீட்டில் வாணி இல்லை. பையும் ஷூவும் இல்லை. “சினேகிதியைப் பாத்துட்டு வரேன்னு ஆறு மணிக்கே போனா. ராத்திரி முழுக்கத் திரும்பித் திரும்பிப் படுத்திருந்தா. என்னங்க நடந்துச்சு?” என்றாள் சரோஜா. நான் ஏழுமலை வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாணி எங்க?”

“இங்க வரலியே சார். நான் பேப்பர் வாங்கப் போயி இப்பத்தான் வரேன். அல்லாத்தையும் ஒரு ஆளு வாரிகினு போய்ட்டாராம்.” துணியை உதறினார். “நீதானா சார் அது?”

“அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. சொல்றதுன்னா நேத்தே சொல்லிருப்பேன். பந்து கம்பத்துல பட்டா சனம் போடுற சத்தம் வேற சார், கோலு வுழுந்தா போடுற சத்தம் வேற. இருவது வருசமா அந்தச் சத்தத்துலதான் கீறேன். எனுக்கு அரபி எதுக்கு?”

“அப்பவே ஏன் சொல்லல?”

“பத்து பேரு எதுர்ல ஒன்னைப் பொய்க்காரன்னு சொன்னா, அந்தப் பொண்ணு மூஞ்சிய எங்க வெச்சிக்கும்?” சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். “பேசிகினு நிக்காத சார். நீ டேசன் பக்கம் பாரு. நான் பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் போறேன்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மைதானத்தில் தேடினேன். ஆவடி ஸ்டேஷனில் இரண்டு நடைமேடையிலும் தேடினேன். ரயிலேறி அடுத்த ஸ்டேஷனில், திருமுல்லைவாயிலில் இறங்கி, பள்ளித் தோழி என்று சரோஜா சொன்ன ஒரு பெண்ணின் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அங்கும் இல்லை. வெயில் ஏறியது. தண்டவாளத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். யாரிடம் கேட்டாலும் “என்ன உயரம் சார்? என்ன டிரெஸ்ஸு?” என்றார்கள். உயரம் என் தோள்வரையா, காதுவரையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து நான் பார்த்தே இல்லை.

இப்போது ஷார்ஜாவில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அணி மூன்று ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பிவிட்டது. ஆனாலும் இங்கே யாரும் தலைகுனிந்து நடக்கவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய அன்று ராஷித் கேட்டார்: “உங்கள் ஊரில் எங்கள் ஆட்டத்தைக் கேட்டார்களா?” கேட்டார்கள் என்றேன். என் கிடங்கு அரபில் மேலும் ஒன்றைச் சொன்னேன்: “அந்த இரண்டாவது கோலினால் என் மகள் ரொம்ப வருத்தப்பட்டாள்.” எதற்காக அவரிடம் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. ராஷித் எழுந்து நின்றார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு ஹிந்திப் பெண், அத்தனை தொலைவில், எங்கள் பையன்களுக்காக வருத்தப்பட்டாளா என்று அலுவலகம் முழுக்கச் சொன்னார். அப்படிப்பட்ட பெண் இங்கே இருக்க வேண்டியவள் என்றார், விசா வேலையை ஒரே வாரத்தில் தானே முடித்துத் தருவதாகச் சத்தியம் செய்தார். என்னால் திருத்த முடியவில்லை. என் மொழி போதாது என்பது ஒரு காரணம். அந்த ஒரு நாள் அவர் என்னை ஹிந்தி என்று கூப்பிடவில்லை என்பது இன்னொரு காரணம். விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். கையெழுத்துப் போடும் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. போட்டால் அவள் வந்துவிடுவாள். அதுதான் பயமாக இருக்கிறது.

வாணியைத் தேடித் திரும்பிய அந்த ஞாயிறு, மாலை ஆறு மணிவரை நான் எங்கள் பிளாக்கின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். போலீசுக்குப் போகலாம் என்று சரோஜா இரண்டு முறை சொன்னாள். தெருமுனையில் முதலில் சைக்கிள் தெரிந்தது. ஏழுமலை அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு நாலடி முன்னால் வாணி. பையில்லை. காலில் ஷூவும் இல்லை. வெறுங்காலோடு, கணுக்கால்வரை செம்மண் படிய நடந்து வந்தாள். பாரிவாக்கத்தில் அவளுடன் ஆடும் ஒரு பெண் இருக்கிறாள்; அடுத்த வாரத் தேர்வுக்கு அவளாவது போகட்டும் என்று தன் ஷூவையும் ஆட்டச் சட்டையையும் பையோடு அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த வீட்டிலேயே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. ஏழுமலை எங்கள் பிளாக் வரை வரவில்லை. என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு, சைக்கிளைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கடைசி இருபதடியை அவள் தனியாக நடந்து என்னிடம் வரட்டும் என்று விட்டுப் போனார். அதற்காகவும் அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் எழுந்து நின்றேன். அவள் தலை என் காதுவரை வந்தது.

“வாணி, நான் அந்தக் கோலை…”

“தெரியும்ப்பா. நைனா ஒண்ணும் சொல்லல. எனக்கே கேட்டுச்சு. ரேடியோல அவரு அழற மாதிரி பேசினாரு, நீங்க சிரிச்சீங்க.” குனிந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு நிமிர்ந்து, இதுவரை ஏழுமலையிடம் மட்டுமே பேசிய அந்தப் பேச்சில் என்னிடம் சொன்னாள்:

“அதுக்கு இன்னா இப்போ? நீ ஒரு கோலுன்னு சொல்லிட்ட, ஒரு கோலுதான். எப்போ கெளம்பணும், சொல்லு.”